மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் நோய் தீராது என்பது கருத்து. வள்ளுவர் காலத்து மருத்துவனுக்கு ஊரார் அனைவரையும் தெரிந்திருக்கும். இன்னாருக்கு எந்த மருந்து ஒத்துவரும், எது ஒவ்வாது, தந்தைக்கு என்ன நோய் இருந்தது, பிள்ளைக்கு என்ன வரக்கூடும் என்பனவெல்லாம் அவன் நெஞ்சிலேயே இருந்தன. அவனுக்குத் தனியாக ஓர் ஏடு வேண்டியிருக்கவில்லை.

இன்றைய நிலை வேறு. ஒரு காலைப்பொழுதுக்குள் எத்தனையோ முகங்களைக் காணும் வைத்தியரின் நினைவில் ஒவ்வொரு நோயாளியின் வரலாறும் தங்கியிருக்க முடியாது. சென்ற மாதம் பார்த்தவர் ஒருவர், இன்று பார்ப்பவர் இன்னொருவர். இவ்விருவரையும் இணைக்கும் பாலம் நோயாளியைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பு ஒன்றே. ஆதலின் வள்ளுவர் கூறிய நான்கோடு, குறிப்பு என்னும் ஐந்தாம் கூறொன்றும் நமது காலத்து மருத்துவத்திற் சேர்ந்துவிட்டது. அந்த ஐந்தாம் கூறு காகிதத்தை விட்டுக் கணினிக்கு இடம்பெயர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. இடம்பெயர்தல் என்பதன் பொருளை அனுபவித்து அறிந்தவர்கள் நாம். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, விட்டதை யார் காப்பது என்னும் கேள்விகள் அப்பொழுது எழுந்தே தீரும்.

ஆச்சியின் கொப்பி

பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் அமைந்திருப்பதால், வடமராட்சி மக்கள் அதனை 'மந்திகை ஆசுபத்திரி' என்றே வழங்குவர். எந்த அரசினர் வைத்தியசாலையிலும் காணக்கூடிய காட்சி ஒன்றை அங்கும் காணலாம். கிளினிக் நாளில் வாங்கில் வரிசையாக அமர்ந்திருக்கும் முதியோர் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கொப்பி இருக்கும். பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கொப்பிதான். மழை நனைக்காமலும் மூலை மடியாமலும் பொலித்தீன் பையிற் சுற்றி, ஆச்சி அதனைக் காணி உறுதியைப் போலக் காத்து வருவார். அதனுள்ளே சீனி நோயின் அளவு, இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கம், மாற்றிய மருந்து, கூட்டிய மருந்து எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருக்கும். எழுதியவர் வைத்தியர், வைத்திருப்பவர் நோயாளி. இந்த ஏற்பாட்டில் உள்ள நியாயத்தை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தன் உடம்பின் வரலாறு தன் கையிலேயே இருக்கிறது என்னும் நம்பிக்கையை அக்கொப்பி ஆச்சிக்குத் தருகிறது.

ஆயினும் கொப்பியின் குறைகளை மறைத்தல் தகாது. அது தொலையும், நனையும், அதில் உள்ள கையெழுத்தை எழுதியவரே மீண்டும் வாசிக்க இடர்ப்படுவதும் உண்டு. மயங்கி விழுந்த ஒருவரை இரவில் அம்புலன்சில் ஏற்றி ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும்பொழுது, அவருடைய கொப்பி வீட்டு அலுமாரியிலே கிடக்கும். நேற்றுச் செய்த இரத்தப் பரிசோதனையை இன்று மீண்டும் செய்ய நேரும். ஒவ்வாத மருந்து எதுவென்று அறியாமல் வைத்தியர் தயங்குவார். இக்குறைகளைக் கணினி நீக்கும் என்பதில் ஐயமில்லை. ஆகவே கணினியே வேண்டாம் என்பார் கட்சியில் நாம் இல்லை.

இத்துறையில் இலங்கை பின்தங்கிய நாடும் அன்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், மருத்துவத் தகவலியலில் வைத்தியர்களையே பயிற்றும் முதுமாணிப் பட்டநெறியை 2009ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் கொரோனாத் தொற்றுப் பற்றிய செய்தி பரவத் தொடங்கியதும், ஒஸ்லோப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைக்கொண்டு, நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிக்கும் முறையை நம் நாட்டவர் மிக விரைவில் அமைத்தனர். அம்முறையைப் பின்னர் வேறு பல நாடுகளும் கைக்கொண்டன. ஆற்றல் நம்மிடம் உண்டு. ஆக்கிய ஒன்றைக் காக்கும் ஒழுங்கு உண்டா என்பதே கேள்வி.

கப்பத்தின் புது வடிவம்

முற்காலத்தில் வைத்தியசாலையிற் புகும் கள்வன் மருந்தையோ பணத்தையோ எடுத்துச் செல்வான். இக்காலத்துக் கள்வன் உள்ளே வருவதே இல்லை. கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சலை அனுப்புகிறான். பணிமிகுதியால் களைத்த ஓர் ஊழியர் அதனோடு வந்த கோப்பைத் திறக்கிறார். அந்த நொடியிலே கேடு நிகழ்வதில்லை. உள்ளே புகுந்த மென்பொருள் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஒளிந்திருந்து, ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குத் தாவி, எங்கே எது இருக்கிறது என்று அறிந்துகொள்கிறது. பின்னர் ஒருநாள் எல்லாக் கோப்புகளையும் எவரும் வாசிக்க முடியாத மறைகுறிகளாக மாற்றிப் பூட்டிவிடுகிறது. திறவுகோல் வேண்டுமாயின் இவ்வளவு பணம் தா என்னும் வாசகம் திரையில் தோன்றும். கப்பம் என்னும் சொல்லுக்கு நம்மவர்க்கு அகராதி தேவையில்லை. பழைய கப்பத்தின் புது வடிவமே இது.

வைத்தியசாலையை அவன் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. கடையைப் பூட்டினால் வணிகன் ஒரு வாரம் பொறுப்பான். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கிடக்கும் நோயாளி ஒரு மணி நேரமும் பொறுக்க மாட்டான். மனித உயிரின் அவசரத்தையே இவர்கள் தம் வாணிகத்தின் முதலாக்கிக்கொண்டார்கள்.

2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி காலை, புதுடில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினிகள் செயலிழந்தன. 'எய்ம்ஸ்' என்று உலகம் அறிந்த அந்நிறுவனம் இந்தியாவின் தலைசிறந்த வைத்தியசாலைகளுள் ஒன்று. நோயாளரைப் பதிதல், விடுதியில் அனுமதித்தல், ஆய்வுகூட முடிவை அறிவித்தல் ஆகிய எல்லாவற்றையும் ஊழியர் கையால் எழுதிச் செய்யவேண்டியதாயிற்று. ஐந்து சேவையகங்கள் பாதிக்கப்பட்டன என்றும், ஏறத்தாழ 1.3 டெராபைட்டு அளவிலான தரவு பூட்டப்பட்டது என்றும் இந்திய அரசு பின்னர்ப் பாராளுமன்றத்தில் அறிவித்தது. பெரும்பாலான சேவைகள் மீள்வதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்கள் சென்றன.

அரசு கூறிய காரணமே நாம் கற்கவேண்டிய பாடம். வலையமைப்பை முறையாகப் பகுத்து வைக்காததனால் தாக்குதல் நிகழ்ந்தது என்றனர். ஒரு பெரிய வீட்டுக்கு வெளிக்கதவு மட்டும் இருந்து, உள்ளே அறைக்கு அறை கதவில்லையாயின், வாசலைக் கடந்த கள்வனுக்கு வீடு முழுவதும் திறந்ததே. இனி, எய்ம்ஸ் மீண்டது எதனால்? தாக்குதலுக்கு உட்படாத ஒரு சேவையகத்தில் நோயாளர் தரவின் படி ஒன்று எஞ்சியிருந்தது. அதனைக்கொண்டே இழந்ததை மீட்டனர். அந்தப் படி இல்லையேல் கதை வேறாக முடிந்திருக்கும்.

பெயர் இல்லாத பொறுப்பு

அயர்லாந்து நாட்டில் நிகழ்ந்தது வைத்தியசாலைத் தலைவர்கள் மேலும் ஆழ்ந்து கருதவேண்டியது. அங்கே பொதுச் சுகாதார சேவை முழுவதையும் ஒரே நிறுவனம் நடத்துகிறது. 2021ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி, ஊழியர் ஒருவர் மின்னஞ்சலோடு வந்த ஓர் எக்செல் கோப்பைத் திறந்தார். மே 14ஆந் திகதி நாடெங்கும் வைத்தியசாலைக் கணினிகள் பூட்டப்பட்டன. இடையிலே எட்டு வாரங்கள் இருந்தன. அவ்வெட்டு வாரத்திலும் ஏதோ கோளாறு உண்டு என்பதைக் காட்டும் அறிகுறிகள் பல தோன்றின. கண்டவரும் இருந்தனர். அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இது நோயின் குறி என்று கூறுவார் இல்லாமற் போயிற்று. ஆறு நாட்களின் பின் கள்வர் தாமே திறவுகோலைக் கொடுத்துவிட்டனர். அதன் பின்னும் எல்லாச் சேவையகங்களையும் மீட்கச் செப்ரெம்பர் மாதம்வரை சென்றது. திறவுகோல் கிடைத்தாலும் வீடு உடனே பழைய வீடாகிவிடாது.

இதனை ஆராய்ந்த சுயாதீன அறிக்கை 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியாயிற்று. கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பான தனி ஒருவர் அந்நிறுவனத்தின் உயர் முகாமையில் இருக்கவில்லை என்பது அது கண்ட குறைகளுள் முதன்மையானது. எல்லாரும் பொறுப்பு என்றிருந்த இடத்தில் எவரும் பொறுப்பாக இருக்கவில்லை. சிங்கப்பூரிலும் இதன் சாயலைக் காணலாம். 2018ஆம் ஆண்டில் அங்கு 15 இலட்சம் நோயாளரின் விவரங்கள் களவாடப்பட்டபொழுது, ஐயத்துக்குரிய அறிகுறிகளைக் கண்ட சிலர் அவற்றை மேலிடத்துக்கு உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. தவறு கண்டு சொல்பவன் ஏச்சு வாங்குவான் என்னும் அச்சம் நிலவும் அலுவலகத்தில், எத்துணை விலையுயர்ந்த பாதுகாப்புக் கருவியும் பயன்படாது.

இவையெல்லாம் காகிதத்தின் இழப்பு, காசின் இழப்பு என்று எண்ணுவோரும் உளர். நம் உறவினர் பலர் வாழும் இலண்டன் மாநகரில், 2024ஆம் ஆண்டு யூன் 3ஆந் திகதி, பெரிய வைத்தியசாலைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்து கொடுக்கும் 'சினோவிஸ்' என்னும் நிறுவனம் தாக்கப்பட்டது. இரத்த வகையைப் பொருத்திப் பார்ப்பது வழக்கமான வேகத்தில் இயலாமற் போகவே, எவருக்கும் ஏற்றத்தக்க 'ஓ' வகை இரத்தத்தைத் தானம் செய்யுமாறு பொதுமக்களை வேண்டினர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட வெளிநோயாளர் சந்திப்புகள் பிற்போடப்பட்டன. ஒரு நோயாளியின் மரணத்துக்குக் காரணமாய் அமைந்தவற்றுள், இத்தாக்குதலால் இரத்தப் பரிசோதனை முடிவு தாமதித்தமையும் ஒன்று என்று, 'கிங்ஸ் கல்லூரி' வைத்தியசாலை அடுத்த ஆண்டில் ஒப்புக்கொண்டது. ஐந்தாம் கூறு பழுதுபட்டாலும் உயிர் போகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் வீட்டு வாசலில்

டில்லியும் டப்ளினும் இலண்டனும் செல்வமுள்ள நகரங்கள். கள்வன் அங்கேதான் போவான். மந்திகைக்கு வருவானோ என்று கேட்கலாம். இம்மென்பொருள்கள் ஊர் பார்த்துப் போவன அல்ல. காற்றில் வரும் தொற்றைப்போலத் திறந்த சாளரம் எதுவோ அதன்வழிப் புகுவனவும் அவற்றுள் உண்டு. 2017ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி பரவிய 'வன்னாக்ரை' அத்தகையது. ஏறக்குறைய 150 நாடுகளில் அது புகுந்தது. இங்கிலாந்தில் பல வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. அந்தச் சாளரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதனை உரிய காலத்தில் நிறுவாதிருந்தவர்களே அகப்பட்டனர்.

நமது நாட்டிலும் மணி இருமுறை அடித்தாயிற்று. 2021ஆம் ஆண்டு யூலையில், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பெருந்தொகையான தரவு, அரசாங்கத்தின் முகிற் சேமிப்பகத்திலிருந்து அழிந்து போனமை நாட்டைத் திடுக்கிடச் செய்தது. எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் சபையின் ஏடுகள் அவை. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலோ அந்த முகிற் சேமிப்பகமே கப்பக் கள்வரின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்து மின்னஞ்சல்கள் மீளாமற் போயின. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடக்கம். 2013ஆம் ஆண்டுப் பதிப்பான பழைய மென்பொருளையே தொடர்ந்து பயன்படுத்தியமையும், நிதிக் குறைவால் அதனைப் புதுப்பிப்பது தள்ளிப்போனமையும் காரணமாகக் கூறப்பட்டன. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அக்காலத்துக்கு உரிய படி ஒன்று எங்கேனும் தனியே இருந்திருந்தால், இழப்பு ஒருநாட் செய்தியாய் முடிந்திருக்கும்.

ஏடும் படியும்

படி எடுத்தல் என்பது தமிழர்க்குப் புதிய கலையன்று. ஓலைக்குச் சாவு உண்டு என்பதை நம் முன்னோர் நன்கறிவர். கறையானும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் ஏட்டைத் தின்னும். ஆகவே தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் எழுதி வைத்தனர். ஒரே நூல் ஒரு மடத்திலும், ஒரு புலவர் வீட்டிலும், கடல் கடந்த வேறோர் ஊரிலும் இருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தமைக்குக் காரணம் அதுவே. பல இடங்களில் எஞ்சிய ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒன்றின் சிதைவை மற்றொன்றின் துணையால் நிரப்பினார். ஓரிடத்தில் மட்டும் இருந்து அழிந்த நூல்களின் பெயர்களை மட்டுமே இலக்கிய வரலாற்றில் இன்று படிக்கிறோம்.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சு நூல்களுட் பலவற்றின் படிகள் வேறிடங்களில் இருந்தன. அவற்றை மீண்டும் தேடிக்கொள்ளலாம். வேறு படியில்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனவை போனவையே. ஒற்றைப் படி என்பது எத்துணை ஆபத்தானது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு வெளியார் வந்து போதிக்கவேண்டியதில்லை.

கணினி வல்லுநர் இன்று விதியாகக் கூறுவதும் இதனையே. தரவுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகையான சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். இக்காலக் கள்வன் வலையமைப்பின் வழியே சென்று படிகளையும் பூட்டிவிடுவதால், ஒரு படி எந்தக் கம்பியோடும் தொடர்பில்லாமல் தனித்து உறங்குதல் வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. எடுத்த படி வாசிக்கக்கூடியதா என்று காலத்துக்குக் காலம் திறந்து பார்த்தல் இன்னும் முக்கியம். ஏட்டை எடுத்துத் தட்டிப் பார்க்காமல் பரணில் அடுக்கி வைத்திருந்து, வேண்டியபொழுது எடுக்கும்போது அது பொடியாய் உதிர்ந்த கதையை நாம் அறிவோம்.

இருட்டில் நடந்த வைத்தியம்

படி இருந்தாலும் அதனைக்கொண்டு மீள்வதற்கு நாட்கள் செல்லும். அந்நாட்களில் வைத்தியசாலையை மூடிவைக்க முடியுமா? இவ்விடத்தில் நமக்கு ஒரு பழைய அனுபவம் கைகொடுக்கிறது. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரம் இன்றி இருந்தது. சிறு போத்தலில் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கின் ஒளியில் மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். எரிபொருளுக்கும் மருந்துக்கும் பஞ்சம் நிலவிய அக்காலத்திலும் வைத்தியசாலைகள் இயங்கின. பருத்தித்துறை வைத்தியசாலையில் நம் வைத்தியரோடும் தாதியரோடும், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பினரும் போர்க்காலத்திற் பணியாற்றியதுண்டு. கட்டிலருகே தொங்கும் 'பீ.எச்.ரி.' என்னும் குறிப்புத்தாளும் ஒரு பேனையும் இருந்தால், ஒரு நோயாளியை இரவு கடத்திவிடலாம் என்னும் பயிற்சி அத்தலைமுறைத் தாதியரிடம் இருந்தது.

அத்தலைமுறை இளைப்பாறிக்கொண்டிருக்கிறது. திரையைப் பார்த்தே தொழில் பயின்ற இளந்தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. திரை இருண்டால் மருந்தின் அளவை எங்கே எழுதுவது, இரத்த முடிவை விடுதிக்கு யார் கொண்டு ஓடுவது, ஒரே பெயருடைய இரு நோயாளரை எவ்வாறு பிரித்தறிவது என்பன அவர்களுக்குப் பழக்கமில்லாத கேள்விகளாய்விடும். கள்வன் வராவிட்டாலும் புயல் வரும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல், நாட்டின் பல மாவட்டங்களில் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் துண்டித்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட பருத்தித்துறைக் கரைக்கு இயற்கையின் சீற்றத்தை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? ஆகவே ஆண்டில் ஒருமுறையேனும், முன்கூட்டி அறிவித்து, ஒரு காலைப்பொழுது கணினியின்றி வைத்தியசாலையை நடத்திப் பார்த்தல் நல்லது. இளைப்பாறிய மூத்த தாதியரை அழைத்து, அவர்கள் கைப்பழக்கத்தை இளையோர்க்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தால் அதற்குப் பெருஞ்செலவும் ஆகாது.

ஊர் அறியும் இரகசியம்

இதுவரை கூறியது தரவு இழக்கப்படுவதைப் பற்றி. தரவு வெளியே பரவுவதோ வேறுவகைத் துன்பம். பின்லாந்து நாட்டில் உளநலச் சிகிச்சை நிலையம் ஒன்றின் குறிப்புகள் களவாடப்பட்டன. 2020ஆம் ஆண்டில் கள்வன் நிலையத்திடம் மட்டுமன்றி நோயாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கப்பம் கேட்டான். வைத்தியரிடம் மட்டும் மனந்திறந்து சொன்ன சொற்களை உலகறிய வெளியிடுவேன் என்று அச்சுறுத்தினான். போரின் வடுக்களை உள்ளத்திற் சுமக்கும் நமது சமூகத்தில் இத்தகைய ஒன்று நிகழ்ந்தால் என்ன ஆகும்? பெருநகரில் ஒருவனுடைய நோய் அயலானுக்குத் தெரியாது. நம் ஊர்களில் கோயில் வீதியிலும் சந்தையிலும் எல்லாரும் எல்லாரையும் அறிவர். திருமணம் பேசும் வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளை, வெளிநாடு செல்ல விண்ணப்பித்த இளைஞன் என்றிவ்வாறு ஒரு நோயின் பெயர் தொடும் இடங்கள் பல. இரகசியம் காக்கப்படாது என்ற ஐயம் ஒருமுறை பரவிவிட்டால், வரவேண்டியவர்கள் வைத்தியசாலைக்கு வரவே மாட்டார்கள்.

இதற்குக் கடல்கடந்த கள்வன் வேண்டியதில்லை. பலர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதும், அதனைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டுவதும், நோயாளியின் அறிக்கையைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் இடுவதும் போதும். பலவேளைகளில் இவை நல்லெண்ணத்தோடு, அவசரத்தின்பொருட்டுச் செய்யப்படுவன. ஆதலின் ஏசுவதனால் திருத்த இயலாது. பாதுகாப்பான வழி விரைவான வழியாகவும் இருந்தாலன்றி, களைத்த மனிதர் அதனைப் பின்பற்றமாட்டார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பாகக் காக்கவேண்டிய வகையிற் சேர்த்திருக்கிறது. சட்டம் ஏட்டில் ஏறிய அளவில் காவல் முடிந்துவிடாது. அது விடுதியின் வழக்கமாக மாறவேண்டும்.

தலைவர்க்கு மூன்று வினா

வைத்திய அத்தியட்சகர் ஒருவருக்கு இருக்கும் சுமைகள் பல. மருந்துத் தட்டுப்பாடு, ஆளணிப் பற்றாக்குறை, கூரை ஒழுக்கு, தண்ணீர்ப் பிரச்சினை என்பவற்றுக்கு நடுவே, கணினிப் பாதுகாப்பு அவருக்குக் கடைசிக் கவலையாகத் தோன்றுவது இயல்பு. புதிய கணினி வந்தால் திறப்புவிழா நடத்தலாம், நாடா வெட்டலாம், படம் பத்திரிகையில் வரும். எடுத்த படியைத் திறந்து சோதித்ததற்கு எவரும் மாலை சூட்டமாட்டார். ஆயினும் கணினித் திட்டத்தின் உண்மையான அளவுகோல் வாங்கிய பெட்டிகளின் எண்ணிக்கை அன்று. தொழினுட்பம் தெரியாத ஒருவரும் கேட்கக்கூடிய மூன்று எளிய வினாக்களுக்குத் தலைவர் விடை தருதல் வேண்டும்.

முதலாவது, பொறுப்பாளர் யார்? பெயர் சொல்லத்தக்க ஒருவர் இருத்தல் வேண்டும். ஐயம் தோன்றினால் இரவிலும் அவரை எழுப்பலாம் என்பது கடைநிலை ஊழியர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். எழுப்பியவரை ஏசுதல் கூடாது. 2006ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் 'சேர்ட்' என்னும் தேசிய அமைப்போடு அவருக்குத் தொடர்பு இருத்தல் வேண்டும். இரண்டாவது, படி எங்கே இருக்கிறது, அதனை இறுதியாகத் திறந்து பார்த்த நாள் எது? ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்பது இதற்கு விடையாகாது. மூன்றாவது, நாளை காலை எல்லாத் திரைகளும் இருண்டால் முதல் ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வார்? இவ்விடை காகிதத்தில் எழுதப்பட்டு விடுதிதோறும் தொங்குதல் வேண்டும். கணினிக்குள் மட்டும் இருந்தால், வேண்டிய நேரத்தில் அதனை வாசிக்க முடியாது.

இம்மூன்றுக்கும் கோடிக்கணக்கான பணம் வேண்டியதில்லை. உயர்ந்த தொழினுட்பத்துக்கு நிதி ஒதுக்குவது கொழும்பின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது மாகாணத்தின் கடமை. ஒழுங்கும் விழிப்பும் உள்ளூரிலேயே விளையவேண்டிய பயிர்கள். வடமராட்சியின் பள்ளிகள் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பெயர்பெற்றவை. அங்கே பயின்று கணினித்துறையில் உலகெங்கும் பணியாற்றுவோர் பலர். ஊர்ப் பள்ளிக்கு மண்டபம் கட்டவும் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பவும் அவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். தாம் பிறந்த மண்ணின் வைத்தியசாலைக்கு, உரிய அதிகாரிகளின் அனுமதியோடு, ஆண்டில் சில நாட்கள் தம் அறிவைக் கொடுக்கவும் அவர்கள் முன்வரலாம். ஆசிரியர்கள் தம் மாணவர்க்குக் கணினியை இயக்கக் கற்பிக்கும்போதே, பிறருடைய இரகசியத்தைக் காக்கும் அறத்தையும் கற்பித்தல் வேண்டும். நாளைய தாதியும் வைத்தியரும் எழுதுவினைஞரும் இன்று அவர்கள் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளே.

மடியிற் கொப்பியோடு மந்திகை வாங்கில் அமர்ந்திருக்கும் ஆச்சியிடம் ஒருநாள், "இனி இது வேண்டாமணை, எல்லாம் கணினியில இருக்கு" என்று யாரேனும் சொல்லக்கூடும். சொல்பவர் மேற்கூறிய மூன்று வினாவுக்கும் விடை உடையவராயின் மகிழ்ச்சியே. விடை இல்லையேல், ஆச்சி அந்தக் கொப்பியைப் பொலித்தீன் பையிற் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போகட்டும். அதுவரைக்கும் நம்மிடம் உள்ள நம்பத்தக்க படி அதுவே.